கோல் கம்பத்துக்குக் கற்பூரம்

தப்பு செய்துவிட்டு மன்னிப்புக் கேட்பவர்கள் உண்டு. நான் முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள்ளும் ரகம். லிஃப்டில் யாராவது என் காலை மிதித்தால் 'சாரி' சொல்வது நான்தான். மித்ராவுக்கு ஜுரம் வந்தால், மூன்று நாளைக்கு முன் கொடுத்த தயிர்சாதத்தை நினைத்து அழுவதும் நான்தான். இப்படிப்பட்ட ஒருத்தி ஜெர்மனிக்குப் போய், நூறு வயதைத் தாண்டிய ஒரு கால்பந்து கிளப்பை ஒரு படி கீழே தள்ளிவிட்டு வந்தாள் என்றால் நம்புவது கஷ்டம்தான். ஆனால் வீடியோ இருக்கிறது.

அந்த கிளப்பின் பெயரை எழுத மாட்டேன். என்னால் அவர்கள் பட்டது போதும்.

கதை பெங்களூர் தொம்மலூரில், எங்கள் வீட்டு ஹாலில் தொடங்குகிறது. என் கணவரை அவருடைய வைட்ஃபீல்ட் ஆபீஸ் மூன்று மாத வேலைக்கு ஜெர்மனி அனுப்பியது. நானும் மூன்று வயது மித்ராவும் கூடப் போவதாக முடிவானது. ஊர்ப் பெயரைக் கேட்டதும், பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் மாமனார் கண்ணாடியைக் கழற்றினார். மாமா எதற்கும் கண்ணாடியைக் கழற்றுபவர் இல்லை.

"அந்த ஊரா?" என்றார். "அங்கேர்ந்து அரை மணி நேரம்மா அந்த கிளப்பு."

மாமா இங்கே ஓர் அரசுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். தொழிற்சாலை கால்பந்து அணிக்கு அவர்தான் கோல்கீப்பர். எழுபதுகளில் அந்த ஜெர்மன் கிளப் ஒரு நட்பு ஆட்டத்துக்காக பெங்களூர் வந்தது. அப்போது அவர்கள் நாட்டிலேயே பெரிய பேர் பெற்ற அணி, சாம்பியன் பட்டமெல்லாம் வாங்கியவர்கள். மாமாவின் அணி ஏழு கோல் வாங்கியது. (எட்டு என்பது அத்தையின் கணக்கு.) ஆட்டம் முடிந்ததும் எதிரணி கோல்கீப்பர் மைதானத்தைக் குறுக்காகக் கடந்து மாமாவிடம் வந்தாராம். மாமாவின் கைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாராம். அந்தக் காலத்தில் இங்கே யாரிடமும் க்ளவுஸ் கிடையாது, வெறுங்கையாலேயே பிடிப்பார்கள். விரல்கள் வீங்கியிருந்தன. அவர் தன்னுடைய க்ளவுஸைக் கழற்றி மாமாவின் கையில் மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அந்த க்ளவுஸோடுதான் மாமா அடுத்த பத்து வருஷம் விளையாடினார். இப்போது அந்த கிளப் ஜெர்மன் லீக்கில் நான்காம் நிலைக்கு இறங்கிவிட்டது. உலகத்தில் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. மாமா மட்டும் போனில் வாராவாரம் ஸ்கோர் பார்ப்பார்.

"இந்த வருஷம் அஞ்சாவதுக்குப் போயிடுவாங்க போலிருக்கும்மா. கடைசி ஆட்டத்துல ஜெயிச்சாத்தான் உண்டு. நீ இருக்கறப்போதான் அந்த ஆட்டம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீ போறப்போ, அவங்க கோல் போஸ்டுக்கு ஒரு கற்பூரம் காட்டிட்டு வந்துடும்மா."

இதில் அவருக்கு வினோதமாக ஒன்றுமே தெரியவில்லை. தொழிற்சாலை அணியில் அது வழக்கம். ஆயுத பூஜைக்கு மெஷினுக்குக் காட்டுகிறோம், கோல் போஸ்டுக்கு ஏன் காட்டக் கூடாது? ஆட்டத்துக்கு முன் தங்கள் கோல் கம்பங்களுக்குக் கற்பூரம் காட்டி, கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் இறங்குவார்கள். கற்பூரம் காட்டாமல் இறங்கிய ஒரே ஆட்டத்தில் கேவலமாகத் தோற்றார்களாம். (முந்தின இரவு ஒரு கல்யாணத்தில் எல்லோரும் பிரியாணி சாப்பிட்டிருந்தார்கள் என்ற தகவலை மாமா சொல்வதில்லை.)

"நான் காட்டறேன்ப்பா" என்றார் என் கணவர்.

"நீ மறந்துடுவே. பால் பாக்கெட்டே மறக்கறவன். அவ செய்வா. அவ செஞ்சா முறையாச் செய்வா."

கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் மாமா என்னிடம் கேட்ட முதல் உதவி அது. அந்த நிமிடத்திலிருந்து எனக்குத் தூக்கம் போனது.

விமானத்தில் கற்பூரம் கொண்டுபோகக் கூடாது என்று படித்திருந்ததால், அங்கே போய் இந்தியக் கடையில் வாங்கினேன். (நான் சட்டத்தை மதிப்பவள். இதைப் பின்னால் கிளப் ஆபீஸிலும் சொன்னேன். யாரும் குறித்துக்கொள்ளவில்லை.) ஜெர்மன் விளையாட்டரங்கில் கற்பூரம் ஏற்றலாமா என்று இணையத்தில் தேடினேன். உலக சரித்திரத்தில் யாருமே அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை என்று தெரிந்தது. கூடாது என்றும் எங்கேயும் போடவில்லை. அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டேன்.

ஆட்ட நாளன்று ஒரு மணி நேரம் முன்பே போனோம். ஒரு காலத்தில் ஊரே கொள்ளும்படி கட்டிய அரங்கம். இப்போது சிமென்ட் படிகளின் இடுக்கில் புல் முளைத்திருந்தது. மரக்கூரையில் பெயின்ட் உரிந்து தொங்கியது. டிக்கெட் கொடுத்த அம்மாளே உள்ளே வந்து காபியும் விற்றார். அதையெல்லாம் பார்க்கப் பார்க்க, இங்கே ஒரு கற்பூரம் அவசியம்தான் என்று எனக்கே தோன்றிவிட்டது.

வாசலில் பையைச் சோதித்தார்கள். மித்ராவின் பையில் டயப்பர், மாற்று உடை, டிஃபன் பாக்ஸ், ஒரு சின்ன டப்பாவில் நான்கு கற்பூர வில்லை. சோதித்த பெண் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்.

"சளிக்கு. குழந்தைக்கு" என்றேன் ஆங்கிலத்தில்.

மித்ரா சரியாக அந்த நேரம் பார்த்துத் தும்மினாள். விட்டுவிட்டார்கள்.

"எதுக்குப் பொய் சொன்னே?" என்றார் கணவர்.

"பொய் இல்லீங்க. சளிக்கும் நல்லதுதானே?"

"ரம்யா, வேணாம். அப்பாகிட்ட காட்டிட்டேன்னு சொல்லிடு. அவருக்கு எப்படித் தெரியும்?"

"லைவ்ல பாக்கறாராம். நாலு ஃப்ரெண்ட்ஸும் வந்திருக்காங்களாம், நம்ம ஹால்ல. அத்தை காராபூந்தி எல்லாம் வாங்கி வச்சிருக்காங்க."

அவர் மித்ராவைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தார்.

என் திட்டம் எளிமையானது. ஆட்டம் தொடங்குவதற்கு முன், காலியாக இருக்கும் கோலுக்குப் பின்னால் போய் நின்று, மூன்று சுற்று காட்டிவிட்டு வருவது. ஆனால் அந்தக் கோல் காலியாகவே இல்லை. கிளப்பின் கோல்கீப்பர் நீலச் சட்டையில் விழுந்து விழுந்து பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். சரி, ஓயட்டும் என்று காத்திருந்தேன். அவர் ஓய்ந்தார், ஆட்டம் தொடங்கிவிட்டது.

கோலுக்குப் பின்னால் கம்பித் தடுப்பை ஒட்டி இடம் பிடித்தேன். பக்கத்தில் கழுத்தில் கிளப் மஃப்ளர் சுற்றிய ஒரு பெரியவர். பெயர் டீட்டர். ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்தது. அப்பாவின் தோளில் உட்கார்ந்து இதே இடத்தில் ஆட்டம் பார்க்க வந்தவராம், அதன்பின் ஓர் ஆட்டத்தைக்கூடத் தவறவிட்டதில்லையாம்.

"இன்றைக்கு ஜெயிக்காவிட்டால்?" என்று கேட்டேன்.

"அடுத்த வருஷம் கிராமத்து அணிகளோடு ஆட்டம். வேலிக்கு அந்தப் பக்கம் மாடு நின்று பார்க்கும்" என்றார். சிரிக்கவில்லை.

ஏற்றலாமா, வேண்டாமா? இப்போதா, கொஞ்சம் கழித்தா? காற்று அடிக்கிறதா? காவலர் பார்க்கிறாரா? இப்படி யோசித்ததிலேயே முதல் பாதி போய்விட்டது. இடைவேளையில் மித்ராவைக் கழிப்பறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கே நீளமான வரிசை. திரும்பி வந்தபோது ஆட்டம் மறுபடியும் தொடங்கியிருந்தது. நம்முடைய கோல்கீப்பர் நீலச் சட்டைக்குப் பதில் மஞ்சள் சட்டையில் நின்றார். பாவம், வேர்வையில் நனைந்திருக்கும், மாற்றிக்கொண்டார் என்று நினைத்தேன். டவல் கொண்டுவந்திருப்பாரா என்றுகூடக் கவலைப்பட்டேன்.

கால்பந்தில் இடைவேளைக்குப் பிறகு இரண்டு அணிகளும் பக்கம் மாறும் என்பதை எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. கால்பந்து வீட்டில் வாழ்க்கைப்பட்டு ஐந்து வருஷம். கேட்டிருக்கலாம்தான்.

ஆட்டம் கோல் இல்லாமலே நகர்ந்தது. இன்னும் பத்து நிமிஷம்தான் பாக்கி என்றார் டீட்டர். கையில் மஃப்ளரைக் கயிறுபோல முறுக்கிக்கொண்டிருந்தார். அப்போது என் போன் அதிர்ந்தது. மாமாவின் வாய்ஸ் மெசேஜ்.

"என்னம்மா, ஆய்தா? இன்னும் காட்டலியா? ஜல்தி காட்டும்மா, டைம் ஆய்டுச்சு." பின்னணியில் நாலு பேரும் ஒரே நேரத்தில் கத்தும் சத்தம். கடைசியில் அவர் குரல் மட்டும், மெதுவாக. "எப்படியாவது காப்பாத்தணும்மா அவங்கள."

அதைக் கேட்ட பிறகு நான் யோசிக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் யோசிக்காமல் செய்த காரியங்களில் அது முதலாவது. கடைசியும்கூட.

தீப்பெட்டி இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. டீட்டரிடம் லைட்டர் கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். மித்ராவைப் பார்த்தார். குழந்தையை வைத்துக்கொண்டு சிகரெட்டா என்று அவர் கண்கள் கேட்டன. ஆனாலும் எடுத்துக் கொடுத்தார். மித்ராவைக் கணவரிடம் தள்ளினேன். டிஃபன் பாக்ஸ் மூடியைத் திருப்பி, நான்கு வில்லைகளையும் அதில் வைத்தேன். (ஒன்று போதும். ஆனால் தாமதமாகச் செய்வதால் கொஞ்சம் கூடுதலாகச் செய்துவிடலாம் என்று ஒரு நினைப்பு.) பற்றவைத்தேன்.

கற்பூரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பூஜை அறையில் அது அடக்கமாக எரியும். திறந்த மைதானத்தில், காற்றில், நான்கு வில்லை சேர்ந்து எரிந்தால் அதன் குணம் வேறு. தீ என் முழங்கை நீளத்துக்கு எழும்பியது. கரும்புகை தடுப்பைத் தாண்டி மைதானத்துக்குள் சென்றது. நான் கண்ணை மூடிக்கொண்டு முதல் சுற்றை முடித்தேன்.

கண்ணைத் திறந்தபோது எல்லாம் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருந்தது. கிளப்பின் ஒன்பதாம் எண் சட்டைக்காரர், தனியாக, பந்தோடு என்னை நோக்கி ஓடி வந்தார். மஞ்சள் சட்டை கோல்கீப்பர் திரும்பி என் தீயைப் பார்த்து ஏதோ அலறினார். பச்சைக் கோட்டுக் காவலர் ஒருவர் தீயணைப்புக் கருவியோடு பாய்ந்து வந்து மூடியின் மேல் பீய்ச்சினார். வெள்ளைத் தூள் மேகம்போல எழும்பிக் கோலை மூடியது. நடுவர் விசில் ஊதினார். விசிலுக்கு ஒரு நொடி கழித்து, அந்த மேகத்துக்குள் பந்து போய் வலையில் விழும் சத்தம் கேட்டது.

நான் கைகொட்டினேன். கற்பூரம் பலித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். "மாமா! கோல்!" என்று கத்தவும் செய்தேன். அரங்கத்தில் வேறு யாரும் கத்தவில்லை.

டீட்டர் படியில் உட்கார்ந்துவிட்டார். "விசிலுக்குப் பிறகு" என்றார். "செல்லாது."

அப்போதுதான் நீலச் சட்டை கோல்கீப்பர் எதிர்க்கோடியில், தலையில் கைவைத்து நிற்பதைப் பார்த்தேன். இங்கே என் முன்னால் இருந்தவர் எதிரணிக்காரர். அதாவது, எதிரியின் கோலுக்கு முறைப்படி கற்பூரம் காட்டி அதைக் காப்பாற்றிக் கொடுத்திருந்தேன். மாமாவின் சாமிக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. கேட்டதைச் செய்திருந்தது.

தூள் அடங்க ஏழெட்டு நிமிஷம் ஆனது. அதற்குப் பிறகு கோல் விழவில்லை. கிளப் ஐந்தாம் நிலைக்கு இறங்கியது.

என்னை ஆபீஸுக்கு அழைத்துப் போனார்கள். உர்சுலா என்ற செயலாளர் அம்மாள். அழுது முடித்த கண்கள். ஆனாலும் படிவத்தை நேராக வைத்து, பேனாவின் மூடியைத் திறந்து கொடுத்தார். பெயர், முகவரி, தீ ஏற்றியதன் காரணம். காரணத்துக்கு ஒரே ஒரு கோடுதான் விட்டிருந்தார்கள். ரொம்ப நேரம் யோசித்து 'மாமனார்' என்று ஆங்கிலத்தில் எழுதினேன்.

உர்சுலா படித்துவிட்டு என் கணவரைப் பார்த்தார். அவர் எல்லாவற்றையும் சொன்னார். க்ளவுஸ், வீங்கிய விரல், ஸ்கோர் பார்ப்பது, எல்லாவற்றையும். டீட்டர் வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். லைட்டர் தன்னுடையது, தன் பெயரையும் எழுத வேண்டும் என்று வந்திருந்தார். உர்சுலா எழுதிக்கொண்டார்.

பிறகு அவர் எழுந்து சுவரிலிருந்த ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டினார். பதினோரு ஜெர்மானியர்கள், கழுத்தில் சாமந்தி மாலையோடு, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். கோல்கீப்பர் கையில் க்ளவுஸ் இல்லை.

"தொலைத்துவிட்டார் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தோம்" என்றார் உர்சுலா. அந்த கோல்கீப்பர் இறந்து பல வருஷம் ஆகிறதாம்.

இருந்தாலும் விதி விதிதான். எனக்கு ஒரு வருஷம் அரங்கத்துக்குள் நுழையத் தடை. பின்னால் தபாலில் கடிதம் வந்தது. கிளப்புக்கு அபராதம் விழுந்தது. நான் எழுதிய மூன்று பக்க மன்னிப்புக் கடிதத்துக்கு, பெற்றுக்கொண்டோம் என்று ஒரு வரி பதில் வந்தது. அன்று ஆபீஸை விட்டு வெளியே வரும்போது, கழுத்துவரை பச்சை குத்திய நாலைந்து ரசிகர்கள் வழியை மறித்து நின்றார்கள். அடிக்கத்தான் போகிறார்கள் என்று மித்ராவை இறுக்கிக்கொண்டேன். ஒருவன் என் கையைக் குலுக்கினான். அரங்கத்தில் வாணவேடிக்கை விட்டதற்காக அவன் மூன்று முறை தடை வாங்கியவனாம், ஆனால் ஆட்டத்தையே நிறுத்தியதில்லையாம். அவமானத்தில் அதுதான் உச்சம்.

அறைக்கு வந்தும் போனைத் தொட முடியவில்லை. மாமாவின் நம்பரிலிருந்து ஒரு மெசேஜ்கூட இல்லை. என்னை நம்பிக் கொடுத்த ஒரே ஒரு காரியம். அவர் வீங்கிய விரலை ஒருவர் பிடித்துப் பார்த்ததற்கு, இத்தனை வருஷம் கழித்து நான் செய்த பதில் மரியாதை இது. கடைசியில் கணவர்தான் நம்பரை அழுத்திக் கையில் கொடுத்தார்.

"மாமா..." என்றேன்.

"கொழந்தைக்கு ஒண்ணும் ஆகலியேம்மா?"

"இல்ல மாமா."

"அந்தப் பவுடர் உன் கண்ல படலியே?"

"இல்ல மாமா. மாமா, நான்..."

"அது ஆஃப்சைடும்மா."

"என்னது மாமா?"

"அந்த ஒன்பதாம் நம்பர் ஆஃப்சைட்ல நின்னான். பந்தை அவனுக்கு அடிக்கறப்போ, கோல்கீப்பரை விட்டுட்டு, எதிர் டீமோட கடைசி ஆளைத் தாண்டி நிக்கக் கூடாது. நின்னா கோல் கிடையாது. அவன் தாண்டிதான் நின்னான். நீ கற்பூரம் காட்டலன்னாலும் அது கோல் இல்ல. நீ ஏன் அழறே?"

"நிஜமாவா மாமா?"

"முப்பது வருஷம் கோல்ல நின்னிருக்கேன். எனக்குத் தெரியாதா? போய்ச் சாப்பிடு. கொழந்தைக்கு ஏதாவது குடு."

அன்று நான் தூங்கினேன். பல வாரங்களுக்குப் பிறகு முதல் முறையாக.

ஊர் திரும்பிய பின், கொத்தமல்லி ஆய்ந்துகொண்டே அத்தை சொன்னாள். "அன்னிக்கு ஹால்ல பெரிய ரகளைடி. அந்த நாலு பேரும் ஆஃப்சைட் இல்லவே இல்லைன்னு சத்தியம் பண்றாங்க. இவர் ஒருத்தர்தான் ஆஃப்சைட், ஆஃப்சைட்னு கத்தறார். உன்கிட்ட அவர் பேசறப்போ மூச்சு விடக்கூடாதுன்னு எல்லாரையும் பால்கனிக்குத் துரத்திட்டார்." காம்புகளை ஒதுக்கிவிட்டு, "இவர் யாருன்னு தெரியுமா? ஒரு ஃபைனல்ல, தான் பிடிச்ச பந்து கோட்டைத் தாண்டிடுச்சுன்னு ரெஃப்ரீகிட்ட தானே போய்ச் சொல்லி, கப்பை விட்டுட்டு வந்த மனுஷன். ஆறு மாசம் டீம்ல ஒருத்தரும் இவரோட பேசல" என்றாள்.

எங்கள் வீட்டில் இப்போது 'ஆஃப்சைட்' என்றால் எல்லோருக்கும் அர்த்தம் தெரியும். சாம்பார் அடிப்பிடித்தால் ஆஃப்சைட். கணவர் பால் பாக்கெட்டை மறந்தால் ஆஃப்சைட். போன மாதம் மித்ரா பக்கத்து வீட்டுத் தொட்டியை உடைத்துவிட்டு, தோட்டக்கார மாலி அங்கிள் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்று "ஆஃப்சைட்" என்றாள். விருந்தாளி யார் வந்தாலும் இந்தக் கதை முழுசாகச் சொல்லப்படும். கற்பூரத் தீயின் உயரம் ஒவ்வொரு முறையும் ஓர் அடி கூடும்.

ஆனால் ஒரு விஷயத்தை நான் விருந்தாளிகளிடம் சொல்வதில்லை. ஒரு மத்தியானம், வீட்டில் எல்லோரும் தூங்கும்போது, அந்த வீடியோவைத் தனியாக எடுத்துப் பார்த்தேன். ஒன்பதாம் எண்ணுக்குப் பந்தை அடிக்கும் அந்த நொடியில் நிறுத்தினேன். இதற்குள் எனக்கு ஆட்டம் கொஞ்சம் புரிய ஆரம்பித்திருந்தது. ஒன்பதாம் எண்ணுக்கும் கோலுக்கும் நடுவில் எதிரணித் தடுப்பாளர் ஒருவர், அவரை விட இரண்டு அடி உள்ளே, தெளிவாக நிற்கிறார். சந்தேகத்துக்கு இடமே இல்லை. அது சுத்தமான கோல்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. மாமா. போனை மறைக்க நேரமில்லை. அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, குனிந்து, அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"பாத்தியா?" என்றார். "நான் சொல்லல?"

நான் எதற்குமே உறுதியாகப் பதில் சொல்லாதவள். வாழைக்காயா கத்திரிக்காயா என்று கேட்டால்கூட நான்கு முறை மாற்றிச் சொல்வேன்.

"ஆமா மாமா" என்றேன். "நல்லாவே தெரியுது. ஆஃப்சைட்தான்."